கிழக்கே கடல், மேற்கே சாலை: ஈசிஆர் கடற்கரையில் கல்யாணம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஈசிஆரில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ரிசார்ட் பார்க்கப் போன முதல் நாள், என் தங்கை கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கோவாவில் எடுத்தது. மணலில் வெள்ளைத் திரைச்சீலை, பின்னால் கடலுக்குள் இறங்கும் சூரியன், நடுவில் மாலை மாற்றும் ஜோடி. "இதே மாதிரி வேணும் சார்" என்றாள். மேலாளர் நல்ல மனிதர். சிரிக்காமல் எங்களை அப்படியே திருப்பி நிறுத்தி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி இருந்த ஜெனரேட்டர் அறையைக் காட்டினார். "சூரியன் அங்கதாம்மா மறையும்."

கோவாவுக்குக் கடல் மேற்கே, நமக்குக் கிழக்கே. நாலாம் வகுப்பிலேயே படித்ததுதான். இருந்தும் கடற்கரைக் கல்யாணம் என்றதும் எல்லோர் மனத்திலும் மாலைச் சூரியன்தான் வந்து நிற்கிறது. தங்கை கல்யாணத்துக்குப் பிறகு நண்பர்கள், உறவினர் என்று இன்னும் நான்கு கடற்கரைக் கல்யாணங்களில் ஓடியாடி வேலை செய்திருக்கிறேன். பணமும் மன நிம்மதியும் வீணான இடங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் மேற்குக் கடலுக்கான திட்டத்தைக் கிழக்குக் கடலில் போட்டதுதான் காரணம். திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரையிலான கரையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எந்தத் தண்ணீர்?

ஈசிஆர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரை நெருக்கமான ஊர். இங்கே நடத்தினால் சொந்தக்காரர்கள் வந்து போவது எளிது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கும். பாட்டுச் சத்தம் கூடினால் போலீஸ் வரும். உத்தண்டியோடு மாநகராட்சி முடிகிறது. கானத்தூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். அனுமதிக்காக ஏறி இறங்கும் அலுவலகங்களும் அதோடு மாறும் என்பதால், இடத்தைப் பிடிக்கும்போதே எந்தக் காவல் நிலைய எல்லை, எந்தச் சார்பதிவாளர் எல்லை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் சூரியன் மறைந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு முட்டுக்காடு இருக்கிறது. பாலத்தில் நின்றால் கிழக்கே முகத்துவாரம், மேற்கே விரிந்து கிடக்கும் உப்பங்கழி. அந்த நீரைப் பார்த்த மாதிரி அமைந்த இடம் கிடைத்தால் மாலைப் படம் நிச்சயம். அலை இல்லை, இரைச்சல் இல்லை, காற்றும் குறைவு. கொசு உண்டு. நீர் வற்றும் நேரத்தில் சேற்று வாடையும் உண்டு. எனவே மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நேரில் போய் மூச்சு இழுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கோவளமும் அதற்குத் தெற்கே உள்ள பகுதியும் விசாலமானவை. 2021-இல் நீலக்கொடி என்ற சர்வதேசச் சுத்தச் சான்று பெற்ற கோவளம் கடற்கரை பொதுமக்களுடையது. நீங்கள் எடுக்கப்போவது அதன் அக்கம்பக்கத்து ரிசார்ட்டுகளின் புல்வெளியை. இங்கே அறைகளோடு சேர்த்துத்தான் இடம் தருவார்கள். விருந்தினர் பட்டியல் நீளமாக இருந்தால் செலவு ஏறும் இடம் அதுதான்.

2. பஞ்சாங்கத்தையும் வானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். புயல்களைப் பாருங்கள். வர்தா 2016 டிசம்பர் 12. நிவர் 2020 நவம்பர். மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசி. பட்டியலைப் பார்த்தாலே புரியும். கார்த்திகையில்தான் என்று ஜோசியர் அடம் பிடித்தால், மண்டபத்திலேயே வையுங்கள். கடல் எங்கும் போய்விடாது. மறுவீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

தை இரண்டாம் பாதி, மாசி, பங்குனி: இவைதான் இந்தக் கரைக்கு ஏற்ற மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், விடியற்காலை குளுமையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். காலை எட்டரை வரை தாங்கலாம், அதற்கு மேல் பட்டுப்புடவைக்குள் இருப்பவரைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனி, ஆவணியில் காலை நன்றாக இருக்கும். மாலையில் திடீரென்று மேற்கே கறுத்து இடி மழை வரும். முகூர்த்தத்துக்குப் பயமில்லை, வரவேற்புக்கு உண்டு.

பஞ்சாங்கம் பார்க்காத ஜோடிகளுக்கு ஆடியில் மலிவாக இடம் கிடைக்கும். உண்மைதான். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் பூப்பந்தல் எம்மாத்திரம்? மார்கழிப் பின்பாதியில் வானிலை அருமை என்றாலும், ரிசார்ட்டுகள் புத்தாண்டுக் கூட்டத்துக்குப் போய்விடும்.

கிழமையையும் பாருங்கள். கடற்கரைக்குப் பொருத்தமானது ஏழரை முதல் ஒன்பது வரையிலான முகூர்த்தம் (காரணம் கீழே). திங்கட்கிழமை அது ராகு காலம், புதன்கிழமை எமகண்டம். இரண்டும் பார்க்கும் குடும்பம் என்றால் அந்த நாட்களை முதலிலேயே அடித்துவிடுங்கள்.

3. எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பது நம் வழக்கம். ஈசிஆரில் கிழக்கு என்றால் கடல். அப்படி உட்கார்ந்தால் அவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அவர்களைப் பார்க்கும் விருந்தினரின் முதுகுக்குப் பின்னால் கடல் போய்விடும். படத்தில் ஜோடிக்குப் பின்னால் தெரிவது ரிசார்ட்டின் சுவர். "இவ்வளவு செலவு பண்ணி சுவரையா படம் புடிக்கறது?" என்று அப்பா கேட்டார்.

அலங்காரக்காரர் சொல்லும் வழி, மணமேடையைத் திருப்பிப் போட்டு கடலைப் பின்னணியாக்குவது. செய்யாதீர்கள். சாஸ்திரத்தை விடுங்கள், வெளிச்சத்துக்காகவே செய்யாதீர்கள். காலை எட்டு மணிச் சூரியன் அப்போது ஜோடியின் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும். முகம் இருண்டு, கடல் வெளுத்துப் போகும். அதைச் சரிசெய்ய முகத்துக்கு நேரே விளக்குகளை வைப்பார்கள். மணப்பெண் வேர்ப்பாள்.

நாங்கள் செய்தது இது. "ப" என்ற எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே திறந்த பக்கம் கடல். கீழ்க்கோட்டின் நடுவில் மணமேடை, கடலைப் பார்த்தபடி. இரண்டு கால்களிலும் விருந்தினர் நாற்காலிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கம் திரும்பினால் தாலி கட்டுவது தெரியும், மறுபக்கம் திரும்பினால் அலை தெரியும். புகைப்படக்காரர் கடல் பக்கம் நின்று எடுத்தால் முகத்தில் நேர் வெளிச்சம். பக்கவாட்டில் வந்தால் ஒரு ஓரத்தில் கடலும் கிடைக்கும். கடலை முதுகில் வைத்த படங்களைச் சூரியன் உதிக்கும் தருணத்தில் ஐந்தாறு எடுத்துக்கொள்ளலாம், ஆல்பத்துக்குப் போதும்.

ஒரு சிக்கல் பாக்கி. கிழக்கு பார்த்து உட்காருபவர்களின் கண்ணில் வெயில் அடிக்கும். தை மாதக் கடைசியில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் எழும். ஏழரைக்கு இன்னும் தாழ்வாக, அதுவும் தென்கிழக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். வைகாசியில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும் என்பதால் ஏழரைக்குள் நன்றாக ஏறியிருக்கும், வடகிழக்கில். எனவே பந்தலின் கிழக்கு விளிம்பு எவ்வளவு தாழ வேண்டும் என்பது மாதத்தைப் பொறுத்தது. அந்த விளிம்பிலிருந்து நெருக்கமாகப் பூச்சரங்களைத் தொங்கவிட்டால் அலங்காரமும் ஆயிற்று, மறைப்பும் ஆயிற்று. அளவுக்கு எந்தச் செயலியும் வேண்டாம். முகூர்த்த நேரத்தில் அங்கே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கண் கூசினால் அங்கே சரம் வேண்டும்.

காற்றின் கணக்கும் இதோடு சேர்ந்தது. பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று இருக்கும். தரை சூடேறிய பிறகு, முற்பகல் வாக்கில் திசை மாறிக் கடற்காற்று தொடங்கும். அதாவது காலை எட்டு மணிக்கு ஓமப்புகை மணமக்களைவிட்டு விலகிக் கடல் பக்கம் போகும்; பதினொரு மணிக்கு அதே புகை நேராக முகத்தில் அடிக்கும். ஒன்பது, பத்தரை முகூர்த்தம் எடுத்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணைக் கசக்கியதைப் பார்த்து, பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் உருகிப்போய் அவரும் அழுதார். யாரும் காரணம் சொல்லவில்லை.

பிரம்ம முகூர்த்தம் எடுப்பவர்களுக்கு வேறொரு கொடுப்பினை. அருந்ததி பார்ப்பதைப் பட்டப்பகலில் கூரையைக் காட்டி முடித்துவிடுகிறோம் அல்லவா? தை மாதக் கடைசியில் காலை ஐந்து மணி வாக்கில் சப்தரிஷி மண்டலம் வடக்கு வானில் நல்ல உயரத்தில் நிற்கும். வளர்பிறை நிலா அதற்குள் மறைந்திருக்கும். விளக்குகளை ஒரு நிமிடம் அணைத்தால், வசிஷ்டரை ஒட்டி அருந்ததியை உண்மையாகவே பார்க்கலாம்.

4. மாலை வரவேற்புக்கு நிலா

சூரியன் ஏமாற்றினால் என்ன, பௌர்ணமியன்று சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். அடுத்த நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக, அதாவது ஏழு மணி வாக்கில், விருந்தினர் வந்து சேரும் நேரத்துக்குச் சரியாக. நம் ஊரில் வரவேற்பை முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வைப்பதுதான் வழக்கம் என்பதால், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முகூர்த்தம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ திருமணத்தை முடித்துவிட்டு வரவேற்பை மட்டும் கடற்கரையில் வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. மேடையின் பின்திரையை நடுவில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பூ அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சமாகும்.

ஆனால் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஓதம் வழக்கத்தைவிட மேலே ஏறும். மேடையைக் குறிக்கும்போது அன்றைய ஈர மணலின் கோட்டைப் பார்க்காதீர்கள். முன்பு ஒதுங்கிய சிப்பி, குப்பை, காய்ந்த பாசி எங்கே கிடக்கிறதோ அந்தக் கோட்டைப் பாருங்கள். அதற்கும் நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள்.

5. மணல் யாருடையது?

ரிசார்ட்காரர் கையை நீட்டி "எல்லாம் நம்ம பீச்தான்" என்பார். அவருடைய மதிலுக்கு அப்பால் உள்ள மணல் பெரும்பாலும் அரசு நிலம், எல்லோருக்கும் பொதுவானது. உயர் அலைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்பதைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் (2011, 2019) வகுத்திருக்கின்றன. பந்தல், மேடை, நாற்காலி எல்லாம் மதிலுக்கு உள்ளேயுள்ள புல்வெளியில் இருக்கட்டும். மணலில் நடந்து போய்ப் படம் எடுங்கள், போதும். மணலில்தான் மேடை என்று இடம் தருபவர் சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். தங்கை கல்யாணத்துக்கு முதலில் பேசிய இடத்தில் இதைக் கேட்டதும் பேச்சு மழுப்பலானது. முன்பணத்தைத் திரும்ப வாங்க மூன்று மாதம் ஆனது.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை:

- மழை வந்தால் எந்த உள்ளரங்கம், அதில் எத்தனை பேர், அது நமக்காகவே ஒதுக்கப்பட்டதா. ஒரே அரங்கத்தை இரண்டு கல்யாணங்களுக்கு மாற்று இடமாகக் காட்டுவது நடக்கும்.
- புயல் எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றலாமா, பணம் என்னவாகும்.
- வெளியிலிருந்து சமையல்காரர், அலங்காரக்காரர் அழைத்து வந்தால் தனிக் கட்டணமா.
- ஜெனரேட்டர் டீசல் வாடகையில் சேர்த்தியா, மணிக்கணக்கா.
- சொன்ன தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா.
- பந்தல் போட எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவோம் என்றால், ஆறு மணிக்குள் பந்தல் எழும்பாது.

6. பந்தல், மேடை, கரண்ட்

புல்வெளி என்றாலும் அடியில் மணல் இருந்தால், குழி தோண்டி நட்ட கம்பு நிற்காது. இரும்புச் சட்டத்தை அகலமான தட்டின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர் நிரப்பிய பீப்பாயோ மணல் மூட்டையோ கட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் துணிகளைக் காற்று புகுந்து வெளியேறும்படி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். முழுக்க மூடினால் பந்தல் பாய்மரமாகிவிடும்.

நடைபாதை முழுக்கத் தரைவிரிப்புக்கு அடியில் பிளைவுட் போடுங்கள். பெரியம்மாக்களின் முழங்கால், சக்கர நாற்காலி, தோழிகளின் குதிகால் செருப்பு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்து. மெல்லிய கால் வைத்த அலங்கார நாற்காலிகள் படத்தில் அழகு. மணலில் எடையுள்ள சித்தப்பா உட்கார்ந்ததும் ஒரு கால் இறங்கும்.

ஓமகுண்டத்துக்கு மூன்று பக்கம் தகர மறைப்பு, பக்கத்தில் தீயணைப்பான். பட்டு, சல்லடைத் துணி, காய்ந்த ஓலை எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். காசி யாத்திரை உள்ள குடும்பம் என்றால் தடிமனான குடை வாங்குங்கள். வங்கக் கடல் பக்கமாகக் காசிக்குக் கிளம்பும் மாப்பிள்ளையின் குடை திருப்பிக்கொண்டால் அந்தக் காணொளி பல வருடம் சுற்றும். ஊஞ்சலுக்குச் சட்டம் கனமாக இருக்கட்டும்.

தாலி, மெட்டி, மோதிரம் எதையும் மணலுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அடியில் ஒரு பெரிய தாம்பாளம் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஒற்றை மெட்டி நழுவியது. சமையல்கட்டிலிருந்து மாவு சல்லடை வாங்கி வந்து அத்தை தேடிக் கொடுத்தார்.

மின்சாரத்துக்கு இரண்டு ஜெனரேட்டர்: ஒன்று ஓடட்டும், ஒன்று நிற்கட்டும். ஈர மணலில் ஒயர் கிடக்கக் கூடாது. கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, பொத்தானை அழுத்தி வேலை செய்வதைக் கண்ணால் பாருங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் இது.

7. சத்தம், வெளிச்சம், ட்ரோன்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது. டிஜேவுக்கு மட்டும் இல்லை, நாதஸ்வரத்துக்கும் இது பொருந்தும். பிரம்ம முகூர்த்தம் எடுப்பவர்கள் சடங்கை மூடிய அரங்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அருந்ததிக்கு மட்டும் வெளியே வந்தால் போதும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். சினிமாப் பாட்டு போட உரிமக் கட்டணம் கேட்டால், பதிப்புரிமைச் சட்டம் 52(1)(za) பிரிவு திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய விழாக்களுக்கும் விலக்கு அளிக்கிறது. ஒன்றிய அரசு 2023-இல் இதை நினைவூட்டி அறிவிப்பும் வெளியிட்டது.

மது பற்றி ஒரே வரி: இடத்துக்கு உரிமம் இருந்தால் உரிமம் உள்ள இடத்தில் மட்டும். புல்வெளியில் வைக்காதீர்கள்.

ட்ரோன் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளும், எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடமும் உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் என்று இந்தக் கரையைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் அதிகம். "பாத்துக்கலாம் சார்" என்று சொல்பவர் வேண்டாம். பதிவு எண்ணைக் காட்டுபவர் வேண்டும்.

வெளிச்சம்தான் பலர் யோசிக்காதது. தை முதல் பங்குனி வரை நமக்கு முகூர்த்த காலம். பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகளுக்கும் அதுவே காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவை இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். இருட்டில் கடல் பக்கம் தெரியும் மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்து நகர்வது அவற்றின் இயல்பு. நம் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலையை நோக்கித் திரும்பிவிடும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு இரவுக் கல்யாணத்தால் அந்த வேலையைக் கெடுக்க வேண்டாம். கடலை நோக்கிய ஃபோகஸ் விளக்கு வேண்டாம். இருக்கும் விளக்குகள் தாழ்வாக, தரை நோக்கி, மஞ்சளாக இருக்கட்டும். நிலா எழுவதும் அப்போதுதான் தெரியும். பலூன் பறக்கவிடுவதும் வேண்டாம், அது கடலில்தான் போய் விழும்.

8. குப்பத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை

ஈசிஆர் ரிசார்ட்டுகளுக்கு இடையில் மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. ரிசார்ட்டுகள்தான் பிறகு வந்தவை. காலையில் படகு கரையேறும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் நின்று படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால், முந்தைய நாளே போய்க் குப்பத்துப் பெரியவர்களைப் பார்த்து, ஒரு பத்திரிகையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்குள்ள இளைஞர்கள் இரண்டு மூன்று பேரைக் கூலி பேசிக் கரையில் நிறுத்துங்கள். இந்தக் கடலின் இழுப்பு அவர்களுக்குத்தான் தெரியும். வரவேற்பு முடிந்த உற்சாகத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் தண்ணீரில் இறங்குவார்கள், எந்தக் கல்யாணத்திலும் தவறாமல். தடுக்க ஆள் வேண்டும்.

9. பந்திக் கணக்கு

திறந்தவெளியில் சமைக்கக் கூடாது, பந்தியும் போடக் கூடாது. சோற்றில் ஒரே ஒரு மணல் துகள் பல்லில் பட்டால் போதும், அந்தக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி அதை மட்டும்தான் பேசுவார்கள். பந்தி கூரைக்கு அடியில் இருக்கட்டும்.

400 பேர், ஒரு பந்திக்கு 120 இலை என்றால் நாலு பந்தி. இலை எடுத்துத் துடைத்துப் போட்டுப் பரிமாறி முடிக்க ஒரு பந்திக்கு 35 நிமிடம் வையுங்கள். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கு சொல்லும் செய்தி: டிபன் பந்தியை ஏழு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். தாலி கட்டியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தால் கதவு தாங்காது. உப்புக் காற்றில் தாகம் எடுக்கும், தண்ணீரும் மோரும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. டம்ளர் வாடகைக்கு எடுங்கள்.

வரவேற்பில் மீன் வைப்பவர்கள் கவனிக்க: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, வஞ்சிரம் விலை ஏறும். சித்திரை, வைகாசிக் கல்யாணத்துக்குச் சமையல்காரர் மலிவாக மீன் தருகிறேன் என்றால் அது எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேளுங்கள்.

10. வந்து போகும் வழி

சனிக்கிழமை மாலை ஈசிஆரில் ஆறரை மணி வரவேற்புக்கு எட்டு மணிக்குத்தான் ஆள் வரும். நகரத்தின் மேற்கிலிருந்தும் தாம்பரம் பக்கத்திலிருந்தும் வருபவர்களை ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) வழியாக வந்து சோழிங்கநல்லூரில் அக்கரைக்கோ, கேளம்பாக்கத்தில் கோவளத்துக்கோ திரும்பச் சொல்லுங்கள். பத்திரிகையோடு வழிப்படம் அனுப்புங்கள். திருவான்மியூரிலிருந்து இரண்டு பேருந்து ஏற்பாடு செய்தால் கார் நிறுத்தும் தொல்லை பாதியாகும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நகரத்திலிருந்து வரும்போது கடல் இடது பக்கம், நேராக உள்ளே நுழைந்துவிடலாம். திரும்பிப் போகும்போது அதிவேகச் சாலையில் யூ டர்ன் அடிக்க வேண்டும், அதுவும் இரவு பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில். வாசலிலும் திருப்பத்திலும் ஒளிரும் சட்டை போட்ட இரண்டு பேரை நிறுத்துங்கள். ஏழரை முகூர்த்தம் என்பதால், வயதானவர்களுக்கும் புரோகிதருக்கும் நாதஸ்வரக் குழுவுக்கும் முந்தைய இரவே அறை வேண்டும்.

11. கடைசி வாரமும் அந்தக் காலையும்

ஐந்து நாட்களுக்கு முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அலைகளுக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தனியாக எச்சரிக்கை தரும். உள்ளரங்கத்துக்கு மாறுவதா என்ற முடிவை முந்தைய நாள் மதியம் ஒருவர் எடுக்க வேண்டும், ஒரே ஒருவர். மாமாக்கள் கூடி எடுக்கும் முடிவுக்கு மழை காத்திருக்காது.

மாசி மாதத்தில் ஏழரை, ஒன்பது முகூர்த்தம் என்றால் நாங்கள் வைத்த நேரம்: மூன்று மணிக்கு அடுப்பு. மூன்றரைக்கு மணப்பெண் அலங்காரம். ஐந்தரைக்குக் காபி. ஆறு மணிக்கு நாதஸ்வரம். ஆறு இருபத்தைந்து வாக்கில் சூரிய உதயம். அதற்கு முன்னும் பின்னுமாக இருபது நிமிடம் ஜோடிக்கு மட்டும், உறவினர் யாரும் செல்ஃபிக்கு வரக்கூடாது. ஏழுக்கு முதல் டிபன் பந்தி. எட்டேகாலுக்குள் தாலி. ஒன்பதரைக்குள் எல்லோரும் கூரைக்கு அடியில்.

12. முடிந்த பிறகு

பந்தல்காரர் கிளம்பும் முன் ஆணி, குண்டூசி, கம்பித் துண்டுகளை மணலிலிருந்து பொறுக்கவைத்து, படம் எடுத்து, வைப்புத்தொகையை அன்றே கேளுங்கள். ஜரிகைப் புடவையை உப்புக் காற்றோடு மடித்து வைக்காதீர்கள், கறுத்துவிடும். நிழலில் உலர்த்திச் சலவைக்குக் கொடுங்கள்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணமும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி செல்லும். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அது. மதம் கடந்த திருமணம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதைக் கடற்கரை தேதியோடு சேர்த்து முன்பே கணக்கிடுங்கள். பத்திரிகை, வயது, முகவரிச் சான்றுகள், திருமணப் புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

தங்கை கொடுத்த புகைப்படத்தில் கடலே இல்லை. பின்னால் ரிசார்ட்டின் ஓலைத் தடுப்பு, இருவர் முகத்திலும் காலை வெயில். எழுத்தர் பத்திரிகையில் இடத்தைப் படித்துவிட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பீச் எங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு முன்னாடி இருந்தது சார்" என்றாள்.